எசூர் வேதமும் மூணு ராஜாவும்

போன டிசம்பர் லீவுக்கு வில்லியனூர் பக்கம் எங்க கிராமத்துக்குப் போயிருந்தேன். மறைக்கல்வி வகுப்பு எடுக்கிற அக்காவுக்குக் காய்ச்சல். "தம்பி, இன்னைக்கு ஒருநாள் நீ எடுத்துடேன்"னுட்டாங்க. பொட்டி தட்டுறவனுக்கு இது கூட முடியாதா என்ன? "மத்தேயு என்ன சொல்றார்னா, மூணு ராஜாக்கள் நட்சத்திரத்தைப் பார்த்து வந்தாங்க"ன்னு ஆரம்பிச்சேன். முன்வரிசையில ஒரு வாண்டு பைபிளை விரிச்சு வெச்சுக்கிட்டு, "அண்ணே, இதுல மூணுன்னும் இல்ல, ராஜான்னும் இல்லையே"ங்குது. வாங்கிப் பார்த்தா, இரண்டாம் அதிகாரத்தில் 'ஞானிகள்'னுதான் இருக்கு. எத்தனை பேருன்னு இல்ல. காணிக்கைதான் மூணு. கிரேக்க மூலத்திலும் 'மாகோய்'தான், ராஜா இல்லை. சரியான பல்பு :-)

சரி, மேட்டருக்கு வருவோம். மூலத்தைப் பார்க்காம மேற்கோள் காட்டி மாட்டினவங்கள்ல எனக்கு முன்னாடி ஒரு பெரிய தலை இருக்கு. வோல்ட்டேர்!

1760-ல் மோதாவ் என்கிற பிரெஞ்சு அதிகாரி, இந்தியாவிலிருந்து கொண்டு வந்த ஒரு பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதியை அவரிடம் கொடுத்தார். பெயர் 'எசூர் வேதம்', அதாவது யஜுர் வேதமாம். வியாசரும் சுமந்துவும் பேசிக்கிற மாதிரி எழுதியது. சுமந்து புராணக் கதைகளை மறுத்து, கடவுள் ஒருவரேன்னு போதிப்பார். வோல்ட்டேருக்கு ஒரே குஷி. அலெக்சாண்டர் காலத்துக்கும் முந்தையது, பைபிளைச் சாராமலே இந்தியாவில் ஒரே கடவுள் கொள்கை இருந்ததுன்னு தன் நூல்களில் எடுத்து விட்டார். பிரதியை 1761-ல் பாரிஸ் அரச நூலகத்துக்கும் கொடுத்தார். 1778-ல் அது புத்தகமாகவே அச்சாச்சு. அதே வருஷம் வோல்ட்டேரும் காலமானார்.

1782-ல் சொன்னரா என்கிற பயணி, இது நான்கு வேதங்களில் ஒன்றே இல்லை, ஒரு மிஷனரி எழுதினதுன்னு போட்டு உடைச்சார். அப்புறம் நம்ம எல்லிஸ் துரை (ஆமாங்க, திருக்குறளுக்கு உரை எழுதினவரேதான்) புதுச்சேரி கத்தோலிக்க மிஷனரிகளிடம் இருந்த பிரதிகளையே பார்த்தார். மற்ற மூணு வேதங்களின் பெயரிலும் போலிகள் இருந்தன! அவர் கட்டுரை 1822-ல், அவர் இறந்து மூணு வருஷம் கழிச்சு வெளிவந்தது. எழுதினவர் ராபர்ட் டி நொபிலின்னு அவர் நினைச்சார். 1984-ல் லூடோ ரோஷே இதை விரிவா ஆராய்ந்து, நொபிலி இல்லை, ஒரு பிரெஞ்சு மிஷனரிதான்னு சொன்னார்.

ஆக, திருச்சபைக்கு எதிரா வோல்ட்டேர் தூக்கின கத்தி, திருச்சபைக்காரங்க பட்டறையிலேயே அடிச்சது. அவருக்கு சமஸ்கிருதம் தெரியாது, சரி. தெரிஞ்சவங்களுக்கா இங்க பஞ்சம்? பக்கத்து பாகூரிலேயே ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு வித்யாஸ்தானம், அதாவது கல்லூரி நடந்தது. அதுக்குப் பல்லவன் நிருபதுங்கன் மூணு ஊரைக் கொடுத்ததைச் செப்பேடு சொல்லுது. எல்லாத்தையும் சந்தேகப்பட்ட மனுஷன், தனக்குப் பிடிச்ச மேற்கோளை மட்டும் சந்தேகப்படலை. நானும் அப்படித்தான். சின்ன வயசுல இருந்து மூணு ராஜாக்கள் திருநாள்னே கேட்டு வளர்ந்ததால, புத்தகத்தைத் திறந்து பார்க்கத் தோணவே இல்லை.

ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி மறுபடி வகுப்புக்குப் போய், "நான் சொன்னது தப்பு"ன்னு பிள்ளைங்க கிட்ட சொன்னேன். அந்த வாண்டு கேட்ட அடுத்த கேள்வி: "அப்ப ஒட்டகம், அண்ணே?"

இந்த முறை பைபிளைத் திறந்துட்டுதான் வாயைத் திறந்தேன். அதுவும் இல்லை.