தமிழ்நாட்டில் பெண் காவலர் தேர்வு

தமிழ்நாட்டுக் காவல்துறையில் பெண்கள் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 1973இல், மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது. ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள் என மொத்தம் 22 பேர். பெண்கள், சிறுவர் தொடர்பான பணிகளுக்கே அவர்கள் தேவைப்பட்டனர். பெண்ணைக் கையாள மட்டுமே பெண் என்ற இந்தக் கணக்குதான் பின்வந்த தடைகள் பலவற்றுக்கும் வேர். வேலை குறுகியதாக இருந்ததால் பணியிடங்களும் குறைவாகவே ஒதுக்கப்பட்டன.

மேல்மட்டத்தில் கதவு சீக்கிரம் திறந்தது. 1976ஆம் ஆண்டு ஐ.பி.எஸ். அணியில் வந்த லத்திகா சரண் 2006இல் சென்னை மாநகரக் காவல் ஆணையராகவும் 2010இல் டி.ஜி.பி.யாகவும் ஆனார். காவலர் நிலையில் மாற்றம் வர அரசுப் பணிகளில் பெண்களுக்கான 30 விழுக்காடு ஒதுக்கீடு தேவைப்பட்டது. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் ஜெயலலிதா அரசு தொடங்கிய முதல் அனைத்து மகளிர் காவல் நிலையமும் அதைத் தொடர்ந்து வந்தவையும் மாவட்டந்தோறும் பெண்களுக்குப் பணியிடம் பெற்றுத்தந்தன. ஆனால் குடும்ப வழக்குகளே அவர்களுக்கு உரியவை என்ற எண்ணத்தையும் அவையே உறுதிப்படுத்தின.

அந்த எண்ணம் எவ்வளவு பிழை என்பதைத் திருவண்ணாமலையில் காணலாம். 14 கி.மீ. கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். கார்த்திகை தீபத்துக்கோ வெளிமாவட்டக் காவலர்களையும் பந்தோபஸ்துக்கு வரவழைக்க வேண்டியிருக்கிறது. கூட்டத்தில் பெண்கள் பெருந்திரளாக இருக்கும் இத்தகைய ஊருக்குப் பெண் காவலர் சிறப்புப் பிரிவல்ல, அன்றாடத் தேவை. இரவெல்லாம் சாலையில் நிற்பவருக்குக் கழிப்பறை இருக்கிறதா என்பதும் தேர்வோடு சேர்ந்த கேள்விதான். வேலையின் நிலைமை தெரிந்த வீட்டார் மகளை விண்ணப்பிக்க விடத் தயங்குவார்கள். 2021 ஜூனில், முதல்வர் செல்லும் வழிகளில் பெண் காவலரை நிறுத்த வேண்டாம் என்று ஆணை வந்தது. ஆறுதலான ஆணை. ஆயினும் வசதி செய்து தருவதே முறையான தீர்வு; விலக்கு பெருகினால், பெண்ணால் எல்லாப் பணியும் முடியாது என்ற பழைய வாதம் மீண்டும் வலுக்கும்.

விண்ணப்பப் படிவமே தடையாக நின்றதும் உண்டு. ஆண், பெண் என்ற இரு கட்டங்களுக்குள் அடங்காத திருநங்கை பிரித்திகா யாஷினி சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2015 நவம்பரில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. 2017இல் தருமபுரியில் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றார்.

பெண்கள் காவல்துறையில் சேர்ந்ததன் பொன்விழா ஆண்டான 2023இல் பெண் காவலருக்கான காலை அணிவகுப்பு 7 மணியிலிருந்து 8 மணிக்கு மாற்றப்பட்டது. மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்புவோர் மூன்றாண்டுகள் பெற்றோர் அல்லது கணவர் வீட்டார் வாழும் மாவட்டத்தில் பணியாற்றலாம் என்று 2024 ஆகஸ்டில் அரசு அறிவித்தது.