சரக்குந்து வெப்பமூட்டி
சரக்குந்து வெப்பமூட்டி என்பது, எந்திரத்தைக் குளிர்வித்துச் சூடேறிய நீர்மத்தைக் கொண்டு ஓட்டுநர் அறையைச் சூடாக்கும் அமைப்பு ஆகும். முன்கண்ணாடியில் படியும் ஆவியையும் இதுவே நீக்குகிறது. மறைமலை நகர் போன்ற வெப்பமான சமவெளிகளில் இதன் பழுது தெரிவதில்லை. உதகமண்டலம் ஏறும்போதே தெரியவரும்.

பழைய வண்டியில் வெப்பம் குறைந்தால், எந்திரம் ஆறியபின் முதலில் நீர்மத்தின் அளவைப் பார்க்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது ஆபத்தானது. அளவு சரியாக இருந்தால், எந்திரத்தை ஓட்டிச் சூடாக்கி, வெப்பமூட்டியின் இரு குழாய்களையும் கவனமாகத் தொட்டு ஒப்பிடலாம். ஒன்று மட்டும் சூடெனில் பெரும்பாலும் உள்ளே அடைப்பு. இரண்டும் வெதுவெதுப்பெனில் தெர்மோஸ்டாட்டை ஐயுறலாம். நீர்மம் ஏறத்தாழ 80 பாகை செல்சியசை எட்டும்வரை ரேடியேட்டருக்குச் செல்லாமல் தடுப்பது இதுவே. எந்திரம் மிகையாகச் சூடேறுவதைத் தவிர்க்கச் சில பட்டறைகளில் இதைக் கழற்றிவிடுவதுண்டு. இது சரியான தீர்வன்று. எரிபொருள் வீணாவதுடன் மலைக்குளிரில் வெப்பமூட்டியும் பயனற்றுப்போகும்.