பனியன் ஊரில் ஒரு பழைய ஃபோர்ட்சன்

திருப்பூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பனியன். ஏற்றுமதி பற்றியும் பின்னலாடை பற்றியும் நம் மலர்களில் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அந்தப் பனியனுக்கு முன்னால் இங்கே என்ன இருந்தது? பருத்திக் காடு இருந்தது. அந்தக் காட்டை உழுத ஒரு இயந்திரத்தைப் பற்றி நண்பர்களோடும் இன்றைய மாணவத் தம்பி தங்கைகளோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

சென்ற ஆண்டு மில் வேலையாகப் பல்லடத்துக்குத் தெற்கே ஒரு காற்றாலைக்குப் போயிருந்தேன். வழியில் ஒரு தோட்டத்துச் சாளையை ஒட்டி, சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் ஒரு பெரிய டிராக்டர் நின்றது. பின் சக்கரம் என் நெஞ்சு உயரம். நீலப் பெயின்ட் உரிந்து துரு ஏறியிருந்தது. பானட்டின் பக்கவாட்டைத் துடைத்துப் பார்த்தால் 'ஃபோர்ட்சன் மேஜர்' என்ற எழுத்து! தோட்டத்துப் பெரியவரிடம் விசாரித்தேன்.

"எங்கய்யன் வாங்குன வண்டிங்க தம்பி. அப்ப நான் பள்ளிக்கூடம் போற பையன். ஸ்டார்ட் பண்ணுனா பக்கத்து ஊருக்குக் கேக்குமுங்க."

"இப்ப ஓடுமுங்களா?"

"ஓடி இருபத்தஞ்சு வருஷம் இருக்குமுங்க. இரும்புக் கடைக்காரன் வந்து வெலை கேட்டுட்டுப் போயிருக்கான்."

அங்கிருந்துதான் எனக்கு இதன் வரலாற்றைத் தேடும் ஆசை பிடித்துக்கொண்டது.

ஹென்றி ஃபோர்டு 1917-இல் டிராக்டர் தயாரிக்கத் தொடங்கியபோது வைத்த பெயர் ஃபோர்ட்சன். 1933 முதல் இங்கிலாந்தில் டாகன்ஹாம் தொழிற்சாலையில் அது உருவாயிற்று. நான் பார்த்தது 1952 முதல் 1958 வரை அங்கே தயாரான 'நியூ மேஜர்' மாடல். நான்கு சிலிண்டர், 3.6 லிட்டர் டீசல் என்ஜின், சுமார் 40 குதிரைத்திறன், முன்னோக்கி ஆறு கியர், எடை ஏறக்குறைய 2,400 கிலோ. ஒரே அடிப்படை வடிவமைப்பில் பெட்ரோல், மண்ணெண்ணெய் வகை எரிபொருள், டீசல் என மூன்றுக்கும் என்ஜின் செய்தார்கள் என்பது மெக்கானிக்கல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

அன்று இந்தியாவில் டிராக்டர் தயாரிப்பே கிடையாது. 1951-இல் நாடு முழுவதும் இருந்தவை சுமார் 8,500 டிராக்டர்கள்தான். அத்தனையும் கப்பலில் வந்தவை. அப்படியிருக்க, காங்கயம் காளை பூட்டிக் கவலை ஓட்டிய நம் பக்கத்து விவசாயிக்கு இவ்வளவு பெரிய வண்டி எதற்கு?

முதல் காரணம் மண். கரிசல் காட்டில் கோரை வேரோடினால் மாட்டு ஏரால் அதை வெல்ல முடியாது. கோடையில் சட்டிக் கலப்பை போட்டு ஆழமாகப் புரட்டி, கிழங்கை வெயிலில் காயவிட வேண்டும். இரண்டாவது காரணம் தண்ணீர். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் ஓட ஆரம்பித்த பிறகு கோவை வட்டாரத்துக் கிணறுகளில் மோட்டார் வந்தது. 1950-களில் கீழ்பவானி வாய்க்கால், அடுத்துப் பரம்பிக்குளம் - ஆழியாறு பாசனம். மேட்டுக்காட்டைச் சமப்படுத்திப் பாசன நிலமாக்க வேண்டிய காலம் அது. வண்டி வைத்திருந்தவர் தன் காட்டை மட்டும் உழவில்லை, அக்கம்பக்கத்துக்கெல்லாம் வாடகைக்கு ஓட்டினார்.

பிறகு ஏன் ஓரங்கட்டப்பட்டது? பதில் இன்ஜினீயரிங்கில் இருக்கிறது. ஃபோர்ட்சன் தன் எடையை நம்பி இழுத்த வண்டி. ஹாரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர் வேறு மாதிரி யோசித்தார். கலப்பையை மூன்று முனைகளில் டிராக்டரோடு பிணைத்து, மண் இழுக்கும் விசையை ஹைட்ராலிக் உணர்ந்து கலப்பையைத் தானே ஏற்றி இறக்கும்படி செய்தார். மண்ணின் இழுவையே பின் சக்கரத்தைத் தரையோடு அழுத்தும். எடை குறைந்த டிராக்டரும் பெரிய வேலை பார்க்கும்! ஃபோர்டும் ஃபெர்குசனும் 1938-இல் வெறும் கைகுலுக்கலில் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அது முறிந்து கோர்ட்டுக்குப் போய், 1952-இல் 92.5 லட்சம் டாலர் கொடுத்து ஃபோர்டு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது தனிக்கதை.

அந்த ஃபெர்குசன் வழிவந்த மாஸி ஃபெர்குசன் டிராக்டரைத்தான் 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் செம்பியத்தில் தயாரித்தது. உதிரிபாகம் நம்மூரிலேயே கிடைத்தது, டீசலும் கம்மி. சின்னத் தோட்டத்திலும் திருப்பலாம். இறக்குமதி வண்டிகள் மெல்ல மெல்ல சாளைக்குப் பின்னால் போயின. இன்று உலகிலேயே அதிகமாக டிராக்டர் தயாரிக்கும் நாடு இந்தியா.

காடும் மாறியது. கிணறு வற்றி போர் போட்டார்கள், போரும் ஆழம் போனது. பருத்தி குறைந்து தென்னையும் மக்காச்சோளமும் வந்தன. 1970-களின் இறுதியில் ஏற்றுமதி சூடுபிடித்ததும் தோட்டத்துப் பிள்ளைகள் திருப்பூருக்குப் பஸ் ஏறினார்கள். பெரியவரின் தம்பி பங்கு நிலத்தை விற்று நிட்டிங் மெஷின் போட்டாராம். நம் வகுப்புத் தோழர்கள் எத்தனையோ பேர் வீட்டில் இதே கதைதான். கிணற்று மோட்டாரைக் கழற்றி மாட்டிய கை, டிராக்டருக்கு ஏர் லாக் எடுத்த கை, பின்னாளில் நிட்டிங் மெஷினையும் தைரியமாகத் திறந்து பார்த்தது. திருப்பூரின் முதல் ஒர்க்ஷாப் தோட்டத்துச் சாளைதான் என்பது என் கட்சி. முதலீடும் அந்த மண்ணிலிருந்துதான் வந்தது. பனியன் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த முதல் அத்தியாயத்தை விட்டுவிடுகிறார்கள். அதற்குச் சாட்சியாக நிற்கும் இயந்திரங்களோ கிலோ கணக்கில் எடைக்குப் போகின்றன.

நமது கல்லூரி மெக்கானிக்கல் துறைக்கு வண்டியைத் தரப் பெரியவர் சம்மதித்திருக்கிறார். "புள்ளைங்க படிக்குமுன்னா எடுத்துக்கங்க" என்றார். ஆனால் தோட்டம் பாகம் பிரிகிறது. ஆடி முடிவதற்குள் எடுத்தாக வேண்டும். தேவை ஒரு கிரேன், ஒரு லாரி, நிறுத்த ஒரு கூரை, என்ஜினைக் கழற்றிப் பார்க்க ஆசையுள்ள பத்து மாணவர்கள். செலவை எங்கள் பேட்ச் பாதி ஏற்கிறது. மீதியைப் பற்றி இந்தச் சந்திப்பு நாளன்று மதிய உணவுக்குப் பின் பேசுவோம்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டுச் சாளையிலும் பழைய ஆயில் என்ஜினோ, பம்ப்போ, செக்கோ கிடக்கலாம். என்ன மேக், யார் எந்த வருஷம் வாங்கினார், எதற்குப் பயன்பட்டது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி, ஒரு போட்டோவோடு சங்கத்துக்குக் கொடுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.