ஓம் போட்ட தப்புக் கணக்கு

வீட்டுல இருக்கற அயர்ன் பாக்ஸ் மேல என்ன எழுதியிருக்குனு பாருங்க. 230 வோல்ட், 1000 வாட்னு இருக்குனு வைங்க. ஆயிரத்தை 230ஆல வகுத்தா கரண்ட், சுமார் 4.35 ஆம்பியர். 230ஐ அந்த 4.35ஆல வகுத்தா சூடான காயிலோட மின்தடை, ஏறக்குறைய 53 ஓம். அரை நிமிஷ வேலை. ஆனா இந்த விதியைக் கண்டுபிடிச்ச ஓம், முதல் தடவை இதைத் தப்பா எழுதி, அது அச்சுலயும் வந்துடுச்சு.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்தில் பிறந்தவர். அப்பா பூட்டு செய்பவர். மகன் கொலோன் நகரத்தில் ஸ்கூல் வாத்தியார். கம்பி நீளமாக நீளமாக கரண்ட் எவ்வளவு குறையுதுனு அளந்து, 1825இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் லாகரிதம் எல்லாம் போட்ட ஒரு சூத்திரம். எங்கே தப்பு? பேட்டரியில். அந்தக் காலத்து பேட்டரியில் கரண்ட் எடுக்க எடுக்க வோல்டேஜ் இறங்கிக்கிட்டே இருக்கும். நாம அளக்கும்போதே தராசோட எடைக்கல் தேஞ்சா எப்படி இருக்கும்? அதேதான்.

பேட்டரியை விட்டுட்டு வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்திப் பாருங்கனு அவருக்கு யோசனை சொன்னவர், இதழாசிரியர் பொகெண்டார்ஃப். செம்பும் பிஸ்மத்தும் சேரும் ரெண்டு இடத்தில், ஒண்ணைக் கொதிக்கிற தண்ணியிலும் இன்னொண்ணை ஐஸிலும் வைக்கணும். ரெண்டோட வெப்பநிலையும் மாறாது, அதனால வோல்டேஜும் மாறாது. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். எட்டு செம்புக் கம்பிகள், ஒவ்வொண்ணும் வேற நீளம். கரண்டை அளக்க, தொங்கவிட்ட ஒரு காந்த ஊசி. இந்தத் தடவை லாகரிதம் காணாமல் போய், வெறும் வகுத்தல் மிச்சமாச்சு. 1826இல் திருத்திய முடிவு, 1827இல் புத்தகம்.

இதுக்கெல்லாம் முன்னாடியே, 1781இல், இங்கிலாந்தில் கேவண்டிஷ் கிட்டத்தட்ட இதே முடிவுக்கு வந்திருந்தார். அவரோட மீட்டர் அவர் உடம்புதான்! ஷாக் எவ்வளவு பலமா அடிக்குதுனு பார்த்தே கணக்குப் போட்டார். ஆனா வெளியில சொல்லவே இல்லை. 1879இல் மேக்ஸ்வெல் பதிப்பிச்ச பிறகுதான் உலகத்துக்குத் தெரிஞ்சது.

ஓம் வெளியில சொன்னார், ஆனா சொந்த நாட்டில் பெரிசா வரவேற்பு இல்லை. மனசு உடைஞ்சு கொலோன் வேலையை விட்டார். 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. ஆசைப்பட்ட பேராசிரியர் பதவி மியூனிக்கில் கிடைச்சது 1852இல். 1854இல் இறந்துட்டார்.

அதே 1841இல், மான்செஸ்டர் பக்கத்தில் பீர் காய்ச்சும் குடும்பத்துப் பையன் ஜூல், வெப்பக் கணக்கை வெளியிட்டார். கரண்டோட வர்க்கத்தை மின்தடையால பெருக்குங்க, அதுதான் வெப்பமா மாறும் பவர். நம்ம அயர்ன் பாக்ஸுக்குப் போட்டுப் பாருங்க: 4.35ஐ 4.35ஆல பெருக்கி, அதை 53ஆல பெருக்கினா மறுபடியும் அதே ஆயிரம் வாட் வரும். ஒயரிலும் அதே 4.35 ஆம்பியர்தான் ஓடுது. அதோட தடை 0.1 ஓம்னா, 2 வாட்டுக்கும் கம்மி, அதனால கையில் சூடே தெரியாது. ஆனா சாக்கெட்டில் பிளக் லூஸா இருந்து, அந்த ஒரு இடத்தில் மட்டும் 1 ஓம் சேர்ந்துட்டா? பொட்டு அளவு இடத்தில் சுமார் 18 வாட் சூடு. பிளாஸ்டிக் உருகற வாசனை அங்கேயிருந்துதான் வருது.