குரோம் தோலும் ஆயில் சீலும்

பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே உள்ள குரோம்பேட்டை, ஜி. ஏ. சேம்பர்ஸ் நடத்திய குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற ஊர் என்பது பலர் அறிந்ததே. அவ்வூரை ஊடறுத்துச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையின் பட்டறைகளில் பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு மாற்றப்படும் 'ஆயில் சீல்' என்னும் ரப்பர் வளையமும் ஒரு தோல் தொழிற்சாலையில் பிறந்ததுதான் என்பது அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை.

ஆவாரம்பட்டையில் ஊறவைத்துத் தோல் பதனிடுவது தமிழகத்தின் பழைய முறை; பட்டைக்குப் பதிலாகக் குரோமிய உப்பைப் பயன்படுத்தும் முறையைச் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் 1903 அளவில் ஆல்ஃபிரட் சேட்டர்டன் முயன்று நிலைநாட்டினார். பட்டையிட்ட தோல் ஓயாத ஈரத்தில் நைந்துபோக, குரோம் தோல் தண்ணீரைத் தாங்கியதால், கிணற்றில் நீர் இறைக்கும் கவலைச் சாலுக்கு அது ஏற்றதாகக் கருதப்பட்டது. மாடு இழுத்த அந்தச் சாலிலும் மோட்டார் சைக்கிளிலும் தோலிடம் எதிர்பார்க்கப்பட்ட வேலை ஒன்றே: ஒழுகவிடாமல் காப்பது.

அழுத்தத்தில் இருக்கும் நீர்மத்தைத் தோலால் அடைப்பதும் பழைய உத்திதான்; ஜோசப் பிராமா 1795இல் உரிமம் பெற்ற நீரழுத்த எந்திரம் தோல் வளையத்தை நம்பியே இயங்கியது. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் தோல் பதனிட்டுவந்த ஃபிராய்டன்பெர்க் நிறுவனம் 1929இல் மோட்டார் வண்டிகளுக்குத் தோல் அடைப்புகள் செய்யத் தொடங்கியது. அங்குப் பணியாற்றிய வால்டர் சிம்மர், உலோகக் கூட்டில் பொருத்திய தோல் விளிம்பைச் சிறு வட்டச் சுருள்வில்லால் தண்டோடு இறுக்கும் வளையத்தை 1930களில் உருவாக்கினார். 1936இல் தோலின் இடத்தைச் செயற்கை ரப்பர் பிடித்தது. இன்றைய சீலின் விளிம்பிலும் அந்த வில் இருக்கிறது.

முன்சக்கரத்தைத் தாங்கும் 'ஃபோர்க்' என்னும் கவையின் ஒவ்வொரு காலும் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் இரு குழாய்களால் ஆனது. உள்ளிருக்கும் சுருள்வில் பள்ளத்தின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள, சிறு துளைகள் வழியே நெருக்கித் தள்ளப்படும் எண்ணெய் அதன் துள்ளலை அடக்குகிறது. அந்த எண்ணெயை ஒழுகவிடாமல் காப்பதுதான் ஆயில் சீல். இத்தகைய கவையை பி.எம்.டபிள்யூ. 1935இல் தன் ஆர்12 வண்டியில் பொருத்தியது. 1955இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கித் திருவொற்றியூரில் புல்லட் உருவானபோது அந்தக் கவை சென்னையிலேயே தயாராகும் சரக்காயிற்று. 1985இல் யமஹா ஆர்எக்ஸ்100 வந்தபின் தெருவுக்குத் தெரு பரிச்சயமாயிற்று. குரோம்பேட்டையின் எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) 1949இலேயே ஆட்டோமொபைல் பொறியியலைக் கற்பிக்கத் தொடங்கியிருந்தாலும், சீல் மாற்றும் கலை பட்டறைகளில் கைமாறியே வளர்ந்தது.

சீல் தேய்ந்த வண்டியின் ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையமாகக் கசிந்து புழுதியை அப்பிக்கொள்ளும். கவனிக்காமல் விட்டால் எண்ணெய் முன் பிரேக்கில் இறங்கிப் பிடிப்பைக் கெடுக்கும். சக்கரத்தைக் கழற்றி, எண்ணெயை வடித்து, சீலைப் பிடித்திருக்கும் கம்பி லாக்கை எடுத்து, சீல் அமர்ந்த இடத்தில் கீறல் விழாமல் பழையதை நெம்பி எடுப்பதே வேலையின் கடினமான பகுதி. புதியதன் விளிம்பில் எண்ணெய் தடவி, அளவொத்த குழாய்த் துண்டை அதன்மேல் வைத்துச் சீராகத் தட்டி இறக்கியபின், இரு காலிலும் ஒரே அளவு எண்ணெய் ஊற்றப்படுகிறது.

சீல் உராயும் குழாய்க்குக் குரோம் முலாம்தான் காப்பு. தோலை நீரிலிருந்து காத்த அதே உலோகம் இங்கே இரும்பைத் துருவிலிருந்து காக்கிறது, கடற்காற்றும் சாலைக் கல்லும் அதைப் பொத்தல் போடும் வரை. அதனால் தேர்ந்த கைவினைஞர் புதிய சீலைப் பிரிக்கும் முன் குழாயின்மேல் நகத்தை ஓட்டிப் பார்க்கிறார். நகம் இடறினால் குழாய்க்கு மறுபடி முலாம் பூச வேண்டும்; இல்லையேல் பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ புதுப்பேட்டையிலோ வேறு குழாய் தேட வேண்டும்.