வேளிமலைக் காந்தள்

நாஞ்சில் நாட்டு உழவர்கள் தங்கள் இரு போக நெல்லையும் கன்னிப்பூ என்றும் கும்பப்பூ என்றும் வழங்குவது தொன்றுதொட்ட மரபு. கன்னிப்பூ அறுவடையாகி, அடுத்த போகத்துக்காக வயல்கள் மீண்டும் சேறாகும் அந்த மழைக்காலத்திலே, வயல்களுக்கு மேலே எழுந்து நிற்கும் மலைச் சரிவுகளில், எவரும் விதைக்காத, எவரும் நீர் பாய்ச்சாத மற்றொரு பூ மலர்கிறது. கோடை முழுவதும் மண்ணுக்குள் கிழங்காக உறங்கிக் கிடந்து, சாரல் விழுந்ததும் முளைவிட்டு, தன் இலை நுனியையே பற்றுக்கொடியாக நீட்டிப் புதர்களின்மேல் ஏறி, ஐப்பசி கார்த்திகையில் செக்கச் சிவந்து நிற்கும் காந்தளே அது. குளிர்ப் பிரதேசங்களின் மலைகளில், பனி உருகும் இளவேனிற் பருவத்தில் காட்டு லில்லிகள் வகிக்கும் ஸ்தானத்தை, நம் மலைகளில் கார்காலத்தில் வகிப்பது இம்மலர்தான். இன்று தமிழ்நாட்டின் மாநில மலர் என்ற கௌரவமும் இதற்கு உண்டு.

பண்டைப் புலவர்கள் இம்மலரிடம் கொண்டிருந்த ஈடுபாடு சாமானியமானதன்று. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் மலைநாட்டுப் பெண்கள் பறித்துக் குவித்த தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கும்போது முதலிடம் தந்தது செங்காந்தளுக்கு. குறுந்தொகையின் முதற் பாட்டிலே, தலைவன் அன்புடன் கொண்டுவந்த காந்தட் பூவைத் தோழி ஏற்க மறுக்கிறாள். முருகன் உறையும் எங்கள் குன்றிலும் குருதி நிறக் காந்தள் கொத்துக் கொத்தாக மலிந்து கிடக்கிறதே என்பது அவள் சொல்லும் காரணம். ஔவையாரால் பாடப்பெற்ற நாஞ்சில் வள்ளுவன் போன்ற மலைத் தலைவர்கள் தென்கோடியில் ஆண்ட அக்காலத்தில், காந்தள் அருமையான பொருளன்று. மலை இருக்குமிடமெல்லாம் அதுவும் இருந்தது.

ஆயினும் எங்கும் இருந்த அம்மலர் தெய்வத்துக்கு உரியதாகவும் இருந்தது. வேலன் வெறியாடும் சடங்கையே தொல்காப்பியர் காந்தள் என்னும் துறையாக வகுத்தார். நக்கீரர் திருமுருகாற்றுப்படையில் வருணிக்கும் முருகன், வண்டும் மொய்க்காத காந்தட் கண்ணியைத் தலையில் சூடியவன். அம்முருகனுக்கு நாஞ்சில் நாட்டில் பிரசித்தமான ஸ்தலம், பத்மநாபபுரத்தை அடுத்த வேளிமலையின் அடிவாரத்திலுள்ள குமாரகோவில். மலைமகள் வள்ளியை அவன் மணந்த இடம் இதுவே என்பது இப்பிரதேசத்தாரின் நம்பிக்கை. ஆண்டுதோறும் பங்குனி மாதத்தில் அத்திருக்கல்யாணம் நிகழும்போது, வள்ளியை அழைத்து வரும் முருகனைக் குறவர்கள் வழிமறித்துப் போர் புரிந்து தோற்கும் குறவர் படுகளம் இன்றும் நடைபெறுகிறது. கடலுக்கு அதிகத் தொலைவில்லாத இடத்திலே, நெல் வயல்களுக்கு நடுவே வாழும் மக்கள், குறிஞ்சி நிலத்துக் காதலையும் பூசலையும் ஆண்டுக்கொரு முறை கண்ணாரக் காண்பதற்கு இச்சம்பிரதாயமே சாட்சி.

காந்தளுக்கு மற்றொரு முகமும் உண்டு. கலப்பை போல் இரு கவடாக வளரும் அதன் கிழங்கு கொடிய நஞ்சு. வடமொழி வைத்திய நூல்கள் அதை லாங்கலீ என்று குறித்து உபவிஷங்களில் ஒன்றாக எண்ணின. சித்த வைத்தியர்கள் கலப்பைக்கிழங்கு என்று அறிந்து, முறைப்படி சுத்தி செய்த பின்னரே ஔஷதத்தில் சேர்த்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் மிளகு தேடி மலையாளக் கரைக்கு வந்த டச்சுக்காரர்களின் கொச்சித் தளபதி வான் ரீடு, சேர்த்தலையைச் சேர்ந்த இட்டி அச்சுதன் முதலிய வைத்தியர்களின் துணைகொண்டு இந்நாட்டுத் தாவரங்களை ஆராய்ந்து தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு சம்புடங்களாக வெளிவந்தது. அதன் ஏழாம் சம்புடத்திலே, மேந்தோன்னி என்னும் மலையாளப் பெயருடன் நம் காந்தள் சித்திரமாக அச்சேறிற்று. 1753-இல் லின்னேயஸ் அதற்குக் குளோரியோசா சூப்பர்பா என்று சாஸ்திரப் பெயர் சூட்டினார்.

அடுத்த நூற்றாண்டுகளில் நஞ்சே விலைப்பொருளாயிற்று. ஐரோப்பியப் புல்வெளிச் செடியாகிய கோல்சிக்கத்திலிருந்து 1820-இல் பிரெஞ்சு ரசாயனிகள் இருவர் பிரித்தெடுத்த கோல்சிசின் என்னும் சத்து, காந்தள் கிழங்கிலும் இருப்பதை 1915-இல் ஆங்கில ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்தார்கள். கீல்வாதத்துக்கு மருந்தாகும் அச்சத்து, உயிரணுக்களின் குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்து புதிய பயிர் வகைகளை உண்டாக்கவும் உதவும் என்பது 1937-இல் வெளிப்பட்டது. இதன் பயனாக, தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் முதலிய வறண்ட பகுதிகளில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் காந்தள் பணப்பயிராகி, அதன் விதைகள் கப்பலேறலாயின. சூலகத்தின் தண்டு மகரந்தத்தை விட்டு விலகி வளைந்து நிற்பதால், குடியானவர்கள் காலைதோறும் பூப்பூவாகத் தொட்டு, கையாலேயே மகரந்தம் சேர்த்து அவ்விதைகளை விளைவிக்கிறார்கள். அந்த உழைப்பு போற்றத்தக்கது. ஆனால் அத்தோட்டங்களுக்கு வேண்டிய நடவுக் கிழங்குகள் காடுகளிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்டமையால், எவரும் விதைக்காமலே வாழ்ந்த காந்தள் பல மலைகளில் அருகிப்போயிற்று.

நாஞ்சில் மலைகளின் சரித்திரமும் காந்தளுக்கு அனுகூலமாக இல்லை. கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிவடைந்து வயல்கள் செழித்தன. மலைச் சரிவுகளிலோ, கொடி படர்ந்த புதர்க்காடுகள் இருந்த இடங்களில் ரப்பர் தோட்டங்கள் பரந்தன. தோவாளைப் பூச்சந்தையில் பிச்சியும் அரளியும் சம்பங்கியும் கேந்தியும் விடியுமுன்பே மலையாகக் குவிந்து திருவனந்தபுரம் வரை செல்கின்றன. சங்கப் புலவர் முதலிடம் தந்த மலருக்கு அவ்வணிகத்தில் இடமில்லை. அதற்காக வருந்த வேண்டுவதில்லை. காந்தள் கடையில் விற்கும் பூவாக என்றுமே இருந்ததில்லை. தெய்வம் சூடும் மலர் என்ற பக்தியும், தீண்டினால் தீங்கு செய்யும் கிழங்கு என்ற அச்சமும் சேர்ந்தே அதற்கு வேலியாக நின்றன என்பது என் துணிபு. பக்தி குறைந்து, அச்சம் லாபக் கணக்காக மாறியபோதுதான் அந்த வேலி விழுந்தது.

நாஞ்சில் நாடு அடங்கிய கன்னியாகுமரி மாவட்டத்தின் காடுகள் 2008-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது நல்ல காரியம். சட்டம் காட்டைக் காக்கும். வயலோரப் புதரையும் மருத்துவாழ்மலை அடிவாரத்தையும் ஊராரே காக்க வேண்டும். மழைக்காலத்தில் காந்தளைக் காணும் பெரியோர்கள் அதன் பெயரையும் பெருமையையும், அதன் நஞ்சையும் கூடவே, பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கட்டும். பள்ளி ஆசிரியர்கள் குறுந்தொகையின் முதற் பாட்டைக் கற்பிக்கும் நாளிலே மாணவர்களை அருகிலுள்ள குன்றுக்கு அழைத்துச் சென்று, எட்ட நின்று அப்பூவைக் காட்டட்டும். கிழங்கை அகழாமல், வேரோடு அதை மண்ணில் விட்டுவைப்பது ஒன்றே நாம் அதற்குச் செய்ய வேண்டிய உபகாரம். எங்கள் குன்றிலும் காந்தள் உண்டு என்று அத்தோழி சொன்னதைச் சொல்லும் உரிமை நாஞ்சில் நாட்டு மக்களுக்கு இன்னும் இருக்கிறது, அதை இழந்துவிடாதீர்கள்.