கடிதங்களால் நடந்த சங்கம்: மாறொளி விண்மீன் நோக்கர்களும் அவர்களின் தலைமையும்

பொழுதுபோக்குச் சங்கங்களின் வரலாற்றை எழுதுவோர் கூட்டங்களையும் தேர்தல்களையுமே பெரிதும் தேடுகிறார்கள். 1911இல் தோன்றிய அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்துக்கு அந்த முறை பொருந்தாது. தொடக்க ஆண்டுகளில் அதன் உறுப்பினர்களுள் பலர் ஒருவரையொருவர் கண்டதே இல்லை. அவர்களைச் சேர்த்து வைத்தது அஞ்சல்தான்.

கனெக்டிகட் மாநிலத்தின் நார்விச் நகரைச் சேர்ந்த வில்லியம் டைலர் ஆல்காட் சட்டம் படித்தவர். வானியல் அவருக்குப் பொழுதுபோக்கு. ஹார்வர்டு வானாய்வக இயக்குநர் எட்வர்டு பிக்கரிங் ஒளி கூடிக் குறையும் மாறொளி விண்மீன்களை நோக்கும் பணிக்கு 1882இலேயே ஆர்வலர்களை அழைத்திருந்தார். ஆனால் தனித்தனியாகப் பார்த்தவர்களைத் தொடர்ந்து பார்க்க வைக்க ஒரு செயலர் தேவைப்பட்டார். அந்தப் பொறுப்பை ஆல்காட் ஏற்றார். விண்மீன் வரைபடங்களை நீலப்படிகளாக எடுத்து அனுப்பினார். புதியவர்களின் ஐயங்களுக்குப் பதில் எழுதினார். மாதந்தோறும் வந்த ஒளியளவுகளைத் தொகுத்து ‘பாப்புலர் அஸ்ட்ரானமி’ இதழில் வெளியிட்டார். தான் அனுப்பிய எண் அச்சில் வந்திருப்பதை உறுப்பினர் கண்ணால் பார்க்க முடிந்தது. எந்தச் சுற்றறிக்கையும் இந்த ஒப்புகைக்கு ஈடாகாது என்பது என் கருத்து.

இம்முறை எவ்வளவு தொலைவு எட்டியது என்பதற்கு வங்காளத்தின் ஜெசூர் நகர் ஒரு சான்று. அங்கே அரசுக் கருவூலத்தில் வேலை பார்த்த ராதாகோவிந்த சந்திரா, 1918இல் கழுகு மண்டலத்தில் தோன்றிய புதுமீனைக் கண்டு ஹார்வர்டுக்கு எழுதினார். பிக்கரிங் நூல்களும் வரைபடங்களும் அனுப்பினார். பெரிய பட்டம் எதுவும் இல்லாத அந்த வங்காளி உறுப்பினரானார். 1954 வரை 37,000க்கும் மேற்பட்ட அவதானிப்புகளை அனுப்பினார். 1920களில் சங்கம் தன்னிடமிருந்த ஆறு அங்குலத் தொலைநோக்கியையே அவருக்குக் கப்பலேற்றியது. நேரில் பார்த்திராத ஒருவரிடம் விலையுயர்ந்த கருவியை ஒப்படைக்கும் அளவுக்கு அந்தக் கடிதப் போக்குவரத்து நம்பிக்கையை வளர்த்திருந்தது. பிற்காலத்தில் வானியலாளர் வைணு பாப்புவின் கைக்கு மாறிய அக்கருவி ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தை வந்தடைந்தது.

ஆல்காட்டுக்குப் பின் தொடர்பின் மையம் ஹார்வர்டு. அங்கே லியோன் கேம்பல் பதிவாளராக இருந்து, உறுப்பினர்களிடமிருந்து வந்த எண்களைச் சீராக்கினார். 1949இல் அவருடைய பொறுப்பை மார்கரெட் மேயல் ஏற்றார். 1951இல் ‘பாப்புலர் அஸ்ட்ரானமி’ நின்றது. 1953–54இல் ஹார்வர்டும் ஆதரவை விலக்கியது. அலுவலகம், இதழ் இரண்டையும் அடுத்தடுத்து இழந்த சங்கம் கலைந்திருக்கலாம். மேயல் மறைக்காமல் நிலைமையை எடுத்துச்சொல்லி உறுப்பினர்களிடம் உதவி கேட்டார். கனடிய வானியல் கழக இதழில் குறிப்புகள் எழுதித் தொடர்பை அறுபடாமல் காத்தார். சங்கம் பிழைத்தது. பணக்கார உறுப்பினர் சிலரின் கொடையை இதில் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனாலும் தங்கள் எண்கள் வீணாகவில்லை என்று நாற்பதாண்டுகளாக உணர்த்தப்பட்டவர்களே கை கொடுத்தார்கள் என்பதைக் கருதவேண்டும்.

1973இல் இயக்குநரான, துருக்கியில் பிறந்த ஜேனட் மட்டேயின் காலத்தில் தொடர்பின் வேகம் கூடியது. செயற்கைக்கோள் வழியாக விண்மீன்களை ஆய்ந்தவர்கள் திடீர் ஒளிவெடிப்பை உடனே அறிய விரும்பினர். கொல்லைப்புறத்தில் நின்று பார்த்தவரின் செய்தி தொலைபேசியில் தலைமையகத்துக்கு வந்து, அங்கிருந்து அறிவியலாளரை எட்டியது. மாத அறிக்கைக்குக் காத்திருந்த பழைய ஒழுங்குக்கு இங்கே இடமில்லை.

கருவிகள் மாறினாலும் ஆல்காட் முதல் மட்டே வரை தலைமை ஒன்றைக் கைவிடவில்லை: உறுப்பினர் அனுப்பியது எங்கே போனது, எதற்குப் பயன்பட்டது என்று அவருக்கே திருப்பிச் சொல்வது. அறிவிப்பை மட்டும் அனுப்பும் சங்கங்களிலிருந்து இச்சங்கத்தைப் பிரித்துக் காட்டுவது இந்த வழக்கமே.